ஸ்லீவ் அறுவைக்குப் பின் நாளுக்கு 60 கிராம் புரதம்: சைவச் சமையலில் எட்ட முடியுமா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. வயது 54, உயரம் 155 செ.மீ. அறுவைக்கு முன் 112 கிலோ இருந்தார், இப்போது 99. சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வதும் நின்றிருக்கிறது. அந்த வகையில் எங்களுக்கு நிம்மதிதான்.

குழப்பம் புரதக் கணக்கில். டிஸ்சார்ஜ் செய்தபோது கொடுத்த உணவுத் தாளில் நாளுக்கு 60 முதல் 80 கிராம் என்று எழுதியிருக்கிறது. இணையத்தில் உள்ள ஒரு கணிப்பானில் அம்மாவின் எடையைப் போட்டால், கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம் 148 கிராம் என்கிறது. இன்னொன்று 0.83 வீதம் 82 என்கிறது. அம்மாவோ காலையில் சாம்பாரில் ஊறிய அரை இட்லி, மதியம் குழைத்த பருப்புச் சாதம் நான்கைந்து கரண்டி, இரவில் தயிர்சாதம், இடையிடையே பருப்புத் தண்ணீரும் மோரும் என்று சாப்பிட்டுவிட்டு, "பருப்பும் தயிரும் தினமும் உள்ளே போகிறதே, இதற்கு மேல் என்ன புரதம்?" என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. வாங்கி வைத்த புரதப் பவுடரின் வாடையே அவருக்குக் குமட்டுகிறது.

எந்த எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டும்? அந்த அளவைச் சைவ உணவில், அதுவும் கைப்பிடி அளவு வயிற்றை வைத்துக்கொண்டு, எட்ட முடியுமா?

தட்டும்_தராசும்:

கோவையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். நான் எழுதுவதை உங்கள் அம்மாவின் மருத்துவக் குழு சொன்னதை விளங்கிக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். அவர்கள் சொன்னதை மாற்றுவதற்கு வேண்டாம்.

முதலில் எடை. இன்றைய எடையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கூடுதலாகச் சேர்ந்திருக்கும் கொழுப்புக்குத் தசையைப் போல அவ்வளவு புரதம் தேவைப்படுவதில்லை என்பதால், உயரத்துக்கு ஏற்ற எடையைத்தான் அடிப்படையாகக் கொள்வார்கள். 155 செ.மீ. உயரத்துக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25 என்று வைத்தால் அது 60 கிலோ. நம்மவர்களுக்கு உரிய 23 என்று வைத்தால் ஏறத்தாழ 55. அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு) அறுவை சிகிச்சைச் சங்கமும் வேறு சில மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2013இல் வெளியிட்டு 2019இல் புதுப்பித்த வழிகாட்டுதல், நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்றும், உயரத்துக்கு ஏற்ற எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை போகலாம் என்றும் சொல்கிறது. அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு 60இல் தொடங்கி 80, 90 வரை. தாளில் எழுதிக் கொடுத்தது சரிதான். 148 என்பதை மறந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்றால், ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவு நெடுக முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போலத் தைத்து விடுகிறார்கள். தொடக்க மாதங்களில் உள்ளே போகும் உணவு பலருக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழேதான் இருக்கும். பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் கொழுப்பைக் கரைக்கிறது. கூடவே தசையையும் எடுத்துக்கொள்கிறது. தசை இழப்பில் பெரும்பகுதி இந்த முதல் சில மாதங்களில்தான் நடக்கிறது. 54 வயதுப் பெண்ணுக்கு, மாதவிடாய் நின்ற பிறகு தசை தானாகவே குறையத் தொடங்கும் பருவத்தில், முழங்காலைத் தாங்கும் தொடைத் தசையும் சேர்ந்து போவது எடைக்கருவியில் தெரியாது. எண் குறைந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. குறைந்தது எது என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஆறாம் வாரத்திலேயே 60 வந்தாக வேண்டும் என்று பதற வேண்டாம். இந்தக் கட்டத்தில் முப்பது, நாற்பது கிராமில் நிற்பவர்கள் பலர். முதல் இடம் தண்ணீருக்கு, நாளுக்கு ஒன்றரை லிட்டராவது, சிறு சிறு மடக்காக. அடுத்தது புரதம். பிறகு காய்கறி. சாதம் கடைசியில், இடம் இருந்தால் மட்டும். இப்போது உங்கள் அம்மாவின் தட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

கணக்கதிகாரி:

உணவியல் ஆலோசகர் பொறுத்தருள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவு கிலோவுக்கு 0.83 கிராம். அதை உங்களுடைய 60 கிலோவால் பெருக்கினால் 50 கிராம்தான் வருகிறது. அப்படியிருக்க 60 என்றும் 90 என்றும் ஏற்றிச் சொல்வது யாருக்கு நன்மை? என் தம்பிக்கு அறுவை நடந்த இடத்தில், பில் கட்டும் மேசைக்கு அருகிலேயே பவுடர் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். உணவுத் தாளில் அதே டப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்தவனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? தவிர, சர்க்கரை நோயாளிக்குப் புரதத்தை ஏற்றினால் சிறுநீரகம் என்னாவது?

தட்டும்_தராசும்:

சந்தேகம் நியாயமானது. டப்பாவின் பெயரைத் தாளில் அச்சிடுவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் 0.83 யாருக்கான அளவு என்பதைப் பாருங்கள். நோயில்லாத, வயிறாரச் சாப்பிடும், எடை ஏறாமல் இறங்காமல் இருக்கும் பெரியவருக்கு, தரமான புரதம் கிடைக்கும்போது உரிய அளவு அது. தானியத்தையே பெரும்பாலும் நம்பியிருக்கும் உணவானால் கிலோவுக்கு ஒரு கிராம் தேவை என்று அதே ஆவணம் சொல்கிறது. அரிசியை நம்பிய நம் வீட்டுத் தட்டுக்கு அதைப் பொருத்திப் பாருங்கள், 60 கிலோவுக்கு 60 கிராம் வந்துவிடுகிறது. பவுடர் கம்பெனி யாரும் நடுவில் வரவில்லை.

இன்னொன்று, கலோரி போதாதபோது உடல் உண்ட புரதத்தில் ஒரு பகுதியை எரிபொருளாகவே எரித்துவிடுகிறது. திசுவைப் பழுதுபார்க்க மீதி மட்டுமே கிடைக்கிறது. வயிறு நிறையச் சாப்பிடுபவரின் கணக்கை 800 கலோரியில் இருப்பவருக்குப் பொருத்தினால் குறைவாகத்தான் முடியும்.

அதே வேளையில், 60 என்பது கல்லில் செதுக்கிய எண் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். உறுதியான ஆய்வுகளைக் காட்டிலும் நிபுணர்களின் ஒருமித்த கருத்தையே அது கூடுதலாகச் சார்ந்திருக்கிறது. 57 சாப்பிட்ட நாளில் எவருக்கும் எதுவும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் 30இலேயே நிற்பதுதான் சிக்கல்.

சிறுநீரகம் நலமாக இருப்பவருக்கு இந்த அளவால் கேடு வருவதில்லை. ஆயினும் சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் கசிகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு இருந்தால், புரத அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் குறித்துத் தர வேண்டும். அவர்களுக்கு இந்த இழையில் உள்ள எந்த எண்ணும் பொருந்தாது.

மலைக்கோட்டை_மாமி:

காவிரிக்கரை, நானும் உங்கள் ஊர்தான், நானும் ஸ்லீவ்தான், எங்கள் வீட்டிலும் முட்டை கிடையாது. உங்கள் அம்மா கேட்ட கேள்வியை அப்படியே நானும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொன்னது சமையலறைத் தராசு.

எங்கள் வீட்டுச் சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு வேக வைப்போம். நூறு கிராம் பச்சைப் பருப்பில் 22 கிராம் புரதம் என்றால், பாத்திரம் முழுவதிலும் 33 கிராம். ஐந்தாகப் பங்கு போட்டால் ஆளுக்கு ஆறரை. அதுவும் பாத்திரத்தின் பங்கை ஒருவர் முழுதாகச் சாப்பிட்டால்தான். நமக்கு இறங்குவதோ ஒன்றரைக் கரண்டி. பருப்புத் தண்ணீர் என்று மேலாக இறுத்து எடுப்பதில் மஞ்சளும் உப்பும் பெருங்காய வாசனையும் இருக்கும். பருப்பு அடியில் தங்கிவிடும். தயிரும் அப்படித்தான், நூறு கிராமில் மூன்று, மூன்றரைக்கு மேல் தேறாது. அதில் தண்ணீர் விட்டு மோராக்கிவிட்டால் ஒரு டம்ளருக்கு ஒரு கிராம் மிஞ்சினாலே பெரிது. ரசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். உங்கள் அம்மாவின் ஒரு நாள் உணவைக் கூட்டிப் பார்த்தால் 15 கிராமைத் தாண்டுமா என்பதே எனக்கு ஐயம்.

அளவை ஏற்ற முடியாத வயிற்றில் அடர்த்தியைத்தான் ஏற்ற வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் 200 மில்லி பாலில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கலந்து அரை மணி நேரத்தில் மெதுவாகக் குடிப்பேன். அதில் பதினொன்று வந்துவிடும். தயிரை இரவே மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுவிடுவேன், நீர் வடிந்த கெட்டித் தயிர் நூறு கிராம் முற்பகலில், அதில் ஏழு. மதியம் மீல் மேக்கர். உலர்ந்த எடையில் பாதிக்குப் பாதி புரதம் அதில் இருக்கிறது; 20 கிராமை வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு முறை பிழிந்து, மிக்சியில் ஒரு சுற்று சுற்றித் தக்காளி, சோம்பு சேர்த்துக் குழைவாக வதக்கினால் பத்து கிராம். முழுசாகப் போட்டால் சவ்வு போல நெஞ்சில் நிற்கும், அதனால் அரைப்பது முக்கியம். கூடவே நன்றாக வேக வைத்த பருப்பு உசிலி இரண்டு கரண்டி, ஒரு நாலு கிராம். மாலையில் பனீர் 50 கிராமை உதிர்த்துப் பொடிமாஸ் போலச் செய்தால் ஒன்பது. இரவில் பச்சைப்பயறு 30 கிராம் ஊறவைத்து அரைத்த மெல்லிய அடை, அதனோடு கொஞ்சம் தயிர், ஒரு பத்து. கூட்டினால் 51. பவுடர் ஒரு சொட்டும் இல்லாமல்.

மீதிப் பத்துக்குத்தான் பவுடர். முழு ஸ்கூப் எனக்கும் ஒத்துக்கொள்ளாது, அரை ஸ்கூப்பைக் கெட்டித் தயிரில் கலந்துவிடுவேன். மணமில்லாத வகையை வாங்குங்கள். வெனிலா, சாக்லேட் எல்லாம் நம் வயதுக்காரர்களுக்குக் குமட்டத்தான் செய்யும். இனிப்புப் பண்டம் சாப்பிட வேண்டிய நேரத்தில் மருந்து குடித்த மாதிரி இருக்கும்.

சாதத்தை விடச் சொன்னால் உங்கள் அம்மா கோபித்துக்கொள்வார். விட வேண்டாம், கடைசியில் இரண்டு கரண்டி வைத்துக்கொள்ளட்டும்.

முத்துநகர்:

சைவர்களின் இழையில் மீன் வாடையோடு நுழைவதற்கு மன்னிக்கவும். அசைவம் உண்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சுறாப்புட்டு ஸ்லீவ்காரர்களுக்கும் ஒத்துக்கொள்கிறது. வேக வைத்து, தோலையும் முள்ளையும் நீக்கி, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கியது வாயில் வைத்தாலே கரையும். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். முட்டை ஒன்றுக்கு ஆறு. கோழியின் நெஞ்சுக்கறியை மட்டும் வறுவலாகத் தொடாதீர்கள், தொண்டைக்குக் கீழே செங்கல் போல நின்றுவிடும். குழம்பில் நன்றாக வெந்து நார் நாராகப் பிரிந்தால்தான் இறங்கும்.

காவிரிக்கரை:

மாமி, அம்மாவிடம் உங்கள் சாம்பார்க் கணக்கைப் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மாமி வீட்டில் பருப்பு குறைவாகப் போடுகிறார்கள்" என்றார். இருந்தாலும் இன்று தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

ஒன்றைக் கேட்க விட்டுப்போயிற்று. கடந்த பத்து நாட்களாகவே நாள் தவறாமல் ஒரு முறையாவது சாப்பிட்டதை எதிரெடுத்துவிடுகிறார். அறுவைக்குப் பின் இது வழக்கம்தான் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்றிலிருந்து கால் விரல்கள் மரத்தது போல இருப்பதாகச் சொல்கிறார். இதுவும் புரதக் குறைவால்தானா?

இரவுப்பணி:

சகோதரி, புரதக் கணக்கை இன்று ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அறுவை செய்த குழுவுக்குத் தொலைபேசி செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன்.

அறுவைக்குப் பின் எப்போதாவது ஒரு முறை, வேகமாகச் சாப்பிட்டதால் எதிரெடுப்பது வேறு. பத்து நாட்கள் தொடர்ந்து வாந்தி எடுப்பது வேறு. பி1 வைட்டமினை, அதாவது தயமினை, நம் உடல் நெடுநாளைக்குச் சேமித்து வைப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்கள் சரியாக உள்ளே போகாவிட்டால் கையிருப்பு தீர்ந்துவிடும். அது குறைந்தால் கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் என்று போய், மூளையில் நிலையான பாதிப்பையே ஏற்படுத்திவிடக்கூடும். சர்க்கரை நோயாலும் கால் மரத்துப்போகலாம்தான். ஆனால் எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருக்கும் நேரம் இதுவன்று.

இன்னொன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அருகில் உள்ள ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே உள்ளவர்களுக்கு இந்த அறுவையைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். சோர்வாக இருக்கிறார் என்று நேராகக் குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். தயமின் குறைந்திருக்கும் உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். எடைக் குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, பத்து நாட்களாக வாந்தி இருக்கிறது, தயமின் கொடுத்தீர்களா என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

தட்டும்_தராசும்:

இரவுப்பணி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தங்காத உணவைக் கிராமில் எண்ணிப் பயனில்லை.

காவிரிக்கரை:

இரவுப்பணி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்றே அழைத்துப் போனோம். நரம்பு வழியாக தயமின் கொடுத்துவிட்டுத்தான் மற்ற திரவங்களை ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் குழாயில் அடைப்போ சுருக்கமோ இல்லை என்று தெரிந்தது. விசாரித்ததில், அம்மா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தள்ளியிருக்கிறார், டி.வி. தொடர் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாகவும் சாப்பிட்டிருக்கிறார். சாப்பாட்டின் போது தண்ணீரே கூடாது, முடித்த பிறகும் அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு வாரத்துக்குக் கூழ்ப் பதத்துக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கால் மரப்பு குறைந்து வருகிறது. வாந்தி நின்றுவிட்டது.

இரத்தத்தில் ஆல்புமின் 3.7 என்று வந்திருக்கிறது. அது சரியான அளவுதான் என்றார்கள். அப்படியானால் புரதம் போதுமான அளவு போயிருக்கிறது என்றுதானே பொருள்?

தட்டும்_தராசும்:

நல்ல செய்தி. ஆனால் ஆல்புமினை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. அது உடலில் பல நாட்கள் தங்கியிருக்கும் புரதம்; சாப்பிடுவது குறைந்தவுடனே இறங்கிவிடாது. உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் நன்றாகச் சாப்பிடுபவருக்குக்கூட இறங்கும். 3.5க்கு மேல் இருக்கிறது என்பது நல்லதுதான்; தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு வயிற்றில் தங்கியது என்பதற்கு உங்கள் நோட்டுப் புத்தகத்தைவிட அது நம்பகமான சாட்சி அன்று.

வடபழனி_வாசி:

எனக்குச் செய்தது ஸ்லீவ் அன்று, மினி பைபாஸ். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997இல் தொடங்கிய முறை. நம் நாட்டிலும் நிறையப் பேருக்குச் செய்கிறார்கள். இதைப் படிக்கும் பைபாஸ்காரர்கள் இங்கே பேசப்படும் 60ஐத் தங்கள் எல்லையாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஸ்லீவில் வயிறு சிறிதாகிறதே தவிர, குடல் அப்படியே இருக்கிறது. எங்களுக்கோ சிறுகுடலின் முற்பகுதியில் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மீட்டரை உணவு தொடாமலே தாண்டிப் போகிறது. கணையச் சாறும் பித்தநீரும் உணவோடு கலப்பதே அதற்குப் பிறகுதான். ஆகவே தின்றதெல்லாம் உடலில் சேர்ந்துவிட்டது என்று எண்ண முடியாது. எனக்கு 80க்குக் குறையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டாம் ஆண்டில் வேலை மாறி, ஊர் ஊராக அலைந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில் மாலையானால் கணுக்காலில் காலுறையின் தடம் பள்ளமாகப் பதியத் தொடங்கிற்று. பரிசோதித்தால் ஆல்புமின் 2.8. உணவையும் கணையநொதி மாத்திரையையும் வைத்துச் சரிக்கட்டினார்கள். அப்படியும் தேறாதவர்களுக்குத் தாண்டிப் போகும் குடலின் நீளத்தை மறுபடியும் அறுவை செய்து குறைக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

எடை நின்று, எல்லாம் பழகிவிட்டது என்று நினைக்கும் காலத்தில்தான் இது வருகிறது. கால் வீக்கத்தை உப்பின் மீதோ பேருந்துப் பயணத்தின் மீதோ போட்டுவிடாதீர்கள்.

கணக்கதிகாரி:

தானியக் கணக்கிலேயே 60 வந்துவிடுகிறது என்று காட்டிவிட்டீர்கள். அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் பவுடர் மீதான சந்தேகத்தை விடுவதாக இல்லை. தம்பி வீட்டில் இப்போது மூன்று டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றில் வே ஐசோலேட் என்றும், ஒன்றில் கொலாஜன் என்றும், ஒன்றில் மால்ட் கலந்த புரத பானம் என்றும் போட்டிருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா?

தட்டும்_தராசும்:

மூன்றும் வெவ்வேறு. டப்பாவின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள்.

வே என்பது பாலைத் திரித்து வடித்த நீரிலிருந்து எடுப்பது. கான்சென்ட்ரேட் என்றால் அதில் பால் சர்க்கரை கொஞ்சம் தங்கியிருக்கும். ஐசோலேட் என்றால் பெரும்பாலும் நீக்கியிருப்பார்கள். அறுவைக்குப் பின் பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறவர்களுக்கு ஐசோலேட் ஒத்துக்கொள்ளும். 30 கிராம் எடையுள்ள ஒரு ஸ்கூப்பில் 24, 25 கிராம் புரதம் இருந்தால் நல்ல சரக்கு. சில டப்பாக்களில் 25 கிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அது இரண்டு ஸ்கூப்புக்கான அளவு என்பதைக் கீழே ஒளித்து வைத்திருப்பார்கள்.

கொலாஜனை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. உடலால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் அறவே இல்லை. அதை மட்டும் நம்பித் தசையைக் காப்பாற்ற முடியாது. மால்ட் பானத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால் நூறு கிராமுக்குப் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று இருக்கும். பெரும்பாலானவற்றில் சர்க்கரைதான் முந்தி நிற்கும். பைபாஸ் செய்தவர்கள் அதைக் குடித்தால் படபடப்பு, வியர்வை, பேதி என்று அவதிப்பட நேரலாம்.

வே பவுடரைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்து கட்டிதட்டிவிடும். ஆறிய பாலிலோ தயிரிலோ கலக்குங்கள். சைவர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பால் சேர்ந்த எதையும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

மலைக்கோட்டை_மாமி:

இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் அம்மா தலையைச் சீவிவிட்டுச் சீப்பைப் பார்த்து அழப்போகிறார், இப்போதே சொல்லி வையுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொத்துக் கொத்தாகக் கொட்டும். அறுவையின் அதிர்ச்சியாலும் எடை விறுவிறுவென்று இறங்குவதாலும் வருவது அது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைந்திருந்தால் மட்டுமே நீடிக்கும். எனக்குக் கொட்டியபோது, முடிக்கென்று விற்கும் பயோட்டின் வைட்டமின் மாத்திரையைப் பெட்டி பெட்டியாக வாங்கச் சொன்னவர்கள் பலர்; என் மருத்துவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

தசையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற பயிற்சிகளையும் மருத்துவர் அனுமதித்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள். நடை மட்டும் போதாது. புரதம் செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கும், அடுக்குவது பயிற்சிதான்.

காவிரிக்கரை:

இந்த இரண்டு வாரத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்ததில் 44, 47 என்று வருகிறது. மீல் மேக்கரை அரைத்துச் செய்ததை அம்மா விரும்பிச் சாப்பிடுகிறார். பவுடரை இன்னும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஏற்க முடியவில்லை. தயிரில் கலந்தால் குமட்டவில்லை.

கடைசியாக ஒன்று. அடுத்த வாரம் ஏகாதசி. முப்பது வருடங்களாக விட்டதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறார். அன்று அரிசியும் பருப்பும் தொட மாட்டார். வழக்கமாக ஜவ்வரிசிக் கஞ்சிதான்.

தட்டும்_தராசும்:

ஜவ்வரிசியில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் இல்லை என்றே சொல்லலாம். பாலும் தயிரும் பனீரும் அவர் வழக்கத்தில் ஆகுமென்றால், பால்பவுடர் கலந்த பால் இரண்டு முறை, கெட்டித் தயிர் இரண்டு முறை, பனீர் 75 கிராம் என்று பிரித்துக் கொடுத்தால் ஐம்பதை நெருங்கிவிடும். வேயும் பாலிலிருந்து வருவதே என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கும் விரதம் மட்டும் இந்த ஆண்டு வேண்டாம்.

மலைக்கோட்டை_மாமி:

முடியாதவர்களுக்குப் பெருமாள் பால், பழத்தை எப்போதோ அனுமதித்துவிட்டார். உங்கள் அம்மாவை என்னோடு பேசச் சொல்லுங்கள். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பு குறைவு என்று சொன்னதையும் அப்படியே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.